அடுத்தவர் பெயரில் ரயில்வே வேலை எடுக்கலாமா?

கேள்வி: கடலூர் பக்கம் பல வருடங்களாக வீடு கட்டித் தருகிறேன். ரயில்வேயில் சுற்றுச்சுவர், பிளாட்பாரம், குவார்ட்டர்ஸ் பழுதுபார்ப்பு போன்ற சிவில் வேலைகள் எடுக்க விருப்பம். அனுபவச் சான்று இல்லாமல் உள்ளே போக முடியாது என்கிறார்கள். பழைய கான்ட்ராக்டர் ஒருவர் தன் பெயரில் டெண்டர் எடுத்து எனக்குத் தருவதாகவும், மொத்தத்தில் 5 சதவீதம் தனக்கு வேண்டும் என்றும் சொல்கிறார். சம்மதிக்கலாமா? கையில் எவ்வளவு பணம் வேண்டும்?
– வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: சம்மதிக்க வேண்டாம். ரயில்வேயின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் வேலையைக் கைமாற்றுவது ஒப்பந்த மீறல். தெரியவந்தால் ஒப்பந்தத்தையே ரத்து செய்யலாம். அது நடக்காவிட்டாலும் நஷ்டம் உங்களுக்குத்தான். பில் பணம் அவர் கணக்குக்குப் போகும், வேலை முடித்த சான்றும் அவர் பெயரில் வரும். எத்தனை வருடம் வெயிலில் நின்றாலும் உங்கள் பெயரில் ஒரு தாள் சேராது.

அவர் தயவு உங்களுக்குத் தேவையும் இல்லை. ரயில்வேயின் 2022 பொது ஒப்பந்த நிபந்தனைகளின்படி, விளம்பர மதிப்பு (டெண்டர் அறிவிப்பில் ரயில்வே போடும் மதிப்பீடு) 50 லட்சம் ரூபாய் வரை உள்ள டெண்டருக்கு முன்அனுபவமோ டர்ன்ஓவரோ கேட்பதில்லை. அதைத் தாண்டினால்தான், கடந்த 7 ஆண்டுகளில் இதே வகை வேலை முடித்திருக்க வேண்டும்: டெண்டர் மதிப்பில் 60 சதவீதத்துக்கு ஒன்று, அல்லது 40 சதவீதத்துக்கு இரண்டு, அல்லது 30 சதவீதத்துக்கு மூன்று. தனிநபர்களுக்குக் கட்டிய வீடுகள் இந்தக் கணக்கில் வராது. உங்கள் பெயரில் 45 லட்சத்துக்கு ஒரே ஒரு வேலையை ஒழுங்காக முடித்தால், 75 லட்சம் வரையுள்ள டெண்டருக்கு அந்தச் சான்று போதும்.

டெண்டர்கள் எல்லாம் ரயில்வேயின் மின்-டெண்டர் தளமான ஐ.ஆர்.இ.பி.எஸ். இணையதளத்தில்தான். பான், ஜி.எஸ்.டி. எண், மூன்றாம் வகுப்பு டிஜிட்டல் கையெழுத்து இருந்தால் பதிவு செய்யலாம். கடலூரும் புதுச்சேரியும் தெற்கு ரயில்வேயின் திருச்சிராப்பள்ளி கோட்டத்தில் வருகின்றன. தேடும்போது அந்தக் கோட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். விலை சரியாகப் போட்டும் தாள் விடுபட்டதால் தள்ளுபடியாகும் டெண்டர்கள் உண்டு. முக்கியமாக, அதே பொது நிபந்தனைகளின் இணைப்பு 5-இல் உள்ள உறுதிச் சான்றைக் கையெழுத்திட்டு ஏற்றாவிட்டால் மேற்கொண்டு பார்க்கவே மாட்டார்கள். கூட்டு நிறுவனமானால் பங்குதாரர் பத்திரமும், கையெழுத்திடுபவருக்கான அதிகாரப் பத்திரமும் சேர வேண்டும்.

விலை போடும்போதுதான் புதியவர்கள் அதிகம் அடிபடுகிறார்கள். மதிப்பீட்டுக்கு இத்தனை சதவீதம் கீழே அல்லது மேலே என்று போடுவீர்கள். அந்த விலைக்குள்ளேயே 18 சதவீத ஜி.எஸ்.டி. அடங்கியிருக்கிறது. 45 லட்சத்துக்கு வேலை எடுத்தால் உங்கள் வேலையின் மதிப்பு 38.14 லட்சம்தான், மீதி 6.86 லட்சம் வரி. சிமெண்ட், கம்பிக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாம். கொத்தனார், சித்தாள் கூலியில் கழிக்க ஒன்றும் இல்லை. ஆகவே பூச்சு, பெயின்டிங், இடிப்பு என்று ஆள்கூலி மிகுந்த வேலைகளில் 15, 20 சதவீதம் கீழே போடுவது தற்கொலைக்குச் சமம். இந்த அளவு வேலைக்கு இடையில் விலை ஏறினால் ஈட்டுத்தொகையும் கிடையாது.

விலை போடுவதற்கு முன் இடத்தை நேரில் பாருங்கள். திருவக்கரைப் பக்கமிருந்து வரும் ஜல்லி லாரி வேலையிடம் வரை போகுமா, இல்லை பிளாட்பாரம் முழுக்கத் தலைச்சுமையா? கடலூர் துறைமுகம் பகுதியில் போர் தண்ணீரை முதலில் சோதனைக்கு அனுப்புங்கள். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 456. தாண்டினால் டேங்கர் செலவையும் விலையில் சேர்க்க வேண்டும்.

பணக் கணக்குக்கு வருவோம். விளம்பர மதிப்பு 48 லட்சம், நீங்கள் எடுத்தது 45 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். டெண்டர் போடும்போதே கட்டும் முன்வைப்புத்தொகை விளம்பர மதிப்பில் 2 சதவீதம், 96,000 ரூபாய். வேலை கிடைத்த கடிதம் வந்த 21 நாளுக்குள் 5 சதவீதம், அதாவது 2.25 லட்சத்துக்குச் செயல்திறன் உத்தரவாதம் கட்ட வேண்டும். 22-ஆம் நாளிலிருந்து ஆண்டுக்கு 12 சதவீத வட்டி விழும். 60 நாளும் தாண்டினால் வேலையும் போகும், முன்வைப்புத்தொகையும் போகும். இது தவிரப் பாதுகாப்பு வைப்பு இன்னொரு 5 சதவீதம். அதில் உங்கள் 96,000 கழிந்து, மீதி 1.29 லட்சத்தை ஒவ்வொரு பில்லிலும் 6 சதவீதமாகப் பிடிப்பார்கள். அதோடு தனிநபர் என்றால் வருமான வரி 1 சதவீதம், ஜி.எஸ்.டி. பிடித்தம் 2 சதவீதம், கட்டுமானத் தொழிலாளர் நலவரி 1 சதவீதம். ஜி.எஸ்.டி. பிடித்தத்தை ஜி.எஸ்.டி. இணையதளத்தில் நீங்கள் ஏற்றுக்கொண்டால்தான் அது உங்கள் கணக்கில் சேரும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். வைப்புகள் போக, 15 லட்சமாவது கடனில்லாமல் கையில் இருந்தால் இறங்குங்கள்.

பில் தேங்குவதற்கு அதிகாரிகளை மட்டும் குறை சொல்வது சரியல்ல. அஸ்திவாரம் மூடப்படும் முன் அளவு எடுத்து அளவுப் புத்தகத்தில் ஏறவில்லை என்றால், பிறகு யாராலும் அதைப் பாஸ் செய்ய முடியாது. கான்கிரீட் போடும் நாளன்றே கியூப் (வலிமைச் சோதனைக்கான கான்கிரீட் கட்டி) எடுங்கள்: 5 கன மீட்டர் வரை ஒரு மாதிரி, 15 வரை இரண்டு, 30 வரை மூன்று. மண், ஜல்லி, எம்-சாண்டுக்கான கனிம நடைச்சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். ஆட்களின் விவரத்தையும், வங்கி வழியே கொடுத்த கூலியையும் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கான ரயில்வேயின் ஷ்ரமிக் கல்யாண் தளத்தில் ஏற்ற வேண்டும். கூலி மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகக்கூடாது; அது ஏப்ரலிலும் அக்டோபரிலும் மாறும். ஓர் ஐட்டத்தின் அளவு ஒப்பந்தத்தில் உள்ளதில் 125 சதவீதத்தைத் தாண்டினால், 140 சதவீதம் வரையிலான கூடுதலுக்கு 98 சதவீத விலைதான் கிடைக்கும். சொன்னார்கள் என்று செய்துவிடாமல் முதலில் எழுத்தில் வாங்குங்கள்.

தண்டவாளத்தின் நடுக்கோட்டிலிருந்து 3.5 மீட்டருக்குள் பிளாக் (வேலைக்காக அந்தப் பாதையில் ரயில்களை நிறுத்தித் தரும் நேரம்) இல்லாமல் ஆளோ இயந்திரமோ போகக்கூடாது. 6 மீட்டருக்குள் ஜே.சி.பி. ஓடினால் ரயில்வே சூப்பர்வைசர் உடன் நிற்க வேண்டும். சிக்னல் பிரிவு கேபிள் பாதையைக் காட்டிய பிறகே தோண்டுங்கள். ஒரு கேபிள் அறுந்தால் ரயில்கள் நிற்கும், அபராதமும் உங்கள் பில்லில் விழும்.

ஆகஸ்டில் ஆறு மாத வேலை கிடைத்தால் நடுவில் ஐப்பசி, கார்த்திகை மழை. அஸ்திவாரத்தை செப்டம்பருக்குள் மேலே கொண்டுவந்துவிடுங்கள். பிளாக் கிடைக்காத நாள், வரைபடம் தாமதமான நாள் எல்லாவற்றையும் அன்றன்றே தடைப் பதிவேட்டில் ஏற்றுங்கள். கெடு முடிய ஒரு மாதம் இருக்கும்போதே நீட்டிப்பு கேளுங்கள். ரயில்வே தரப்புத் தாமதம் என்று பதிவு இருந்தால் பொது நிபந்தனைகளின் 17-ஏ பிரிவில் அபராதமின்றிக் கிடைக்கும். பதிவு இல்லையென்றால் 17-பி, அபராதத்துடன்.

வேலை முடிந்ததும் சான்றைக் கேட்டு வாங்குங்கள். வேலையின் பெயர், ஒப்பந்த எண், முடிந்த தேதி, இறுதியாகப் பட்டுவாடா ஆன தொகை நான்கும் அதில் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே கையெழுத்துப் போட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள்.