கலசத்தில் இரிடியம் இருக்கிறதா? – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

கானாடுகாத்தானில் எங்கள் பூர்வீக வீட்டுக்கு மூன்று பேர் வந்தார்கள். இடி விழுந்த பழைய கலசம் இருந்தால் அதில் இரிடியம் இருக்கும், கதிர்வீசும், வெளிநாட்டில் கோடிக்கணக்கில் வாங்குவார்கள் என்றார்கள். சோதித்துப் பார்க்க முன்பணமும் கேட்டார்கள். அப்பத்தா பயந்துபோயிருக்கிறார். இதை வைத்துத் தீவிரவாதிகள் குண்டு செய்ய முடியுமா? அரசு தயாராக இருக்கிறதா?

– ஒரு வாசகர், காரைக்குடி

அன்புள்ள நண்பருக்கு,

முன்பணம் கொடுக்காதீர்கள். இன்றே காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். இடி விழுந்து செம்பு இரிடியமாக மாறாது. இயற்கையில் கிடைக்கும் இரிடியத்துக்குக் கதிர்வீச்சும் கிடையாது. கதிர்வீசுவது அணு உலையில் உண்டாக்கும் இரிடியம்-192. குழாய் வெல்டிங்கில் விரிசல் இருக்கிறதா என்று படமெடுக்கும் கருவிக்குள் அதை வைத்திருப்பார்கள். 74 நாளில் அதன் வீரியம் பாதியாகிவிடும். தாத்தா காலத்துக் கலசத்தில் அது இருக்க வழியே இல்லை. அப்பத்தாவிடம் இதைச் சொல்லுங்கள், நிம்மதியாகத் தூங்கட்டும்.

உங்கள் இரண்டாவது கேள்விதான் என்னை யோசிக்க வைத்தது. சாதாரண வெடிமருந்தோடு கதிரியக்கப் பொருளைச் சேர்த்துச் சிதறடிப்பதை ‘டர்ட்டி பாம்’ என்கிறார்கள். அணுகுண்டு போல அது ஊரை அழிக்காது. பீதிதான் அதன் பெரிய ஆயுதம். 1987இல் பிரேசிலின் கோயானியாவில் கைவிடப்பட்ட மருத்துவமனைக் கட்டடத்திலிருந்து சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள் இருந்த கருவியை எடுத்துப் பழைய இரும்புக் கடைக்கு விற்றார்கள். குண்டும் இல்லை, தீவிரவாதியும் இல்லை. நான்கு பேர் இறந்தார்கள். தங்களுக்கும் ஒட்டியிருக்குமோ என்ற பயத்தில் சோதனைக்கு வந்தவர்கள் 1 லட்சத்து 12 ஆயிரம் பேர். உண்மையில் கதிரியக்கம் ஒட்டியிருந்தது 249 பேருக்கு.

அரசு சும்மா இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். கதிரியக்கப் பொருளை வைத்திருக்க அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி வேண்டும். 2009இல் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் இதற்கென்றே வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. அரக்கோணத்தில் தேசியப் பேரிடர் மீட்புப் படை இருக்கிறது, கதிர்வீச்சு விபத்தைக் கையாளவும் பயிற்சி பெற்றவர்கள். சரி, ஆனால் அரக்கோணத்திலிருந்து அவர்கள் காரைக்குடிக்கு வந்து சேரும்வரை என்ன செய்வது?

2010இல் டெல்லி மாயாபுரியில் நடந்ததைப் பாருங்கள். பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்றில் 1985க்குப் பிறகு தொடாமல் கிடந்த, கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள் இருந்த கருவியைப் பழைய சாமானோடு ஏலம் விட்டுவிட்டார்கள். கடைக்காரர்கள் ஈயத்துக்காக அதை உடைத்தார்கள். ஒருவர் இறந்தார், ஏழு பேர் பாதிக்கப்பட்டார்கள். மருத்துவமனை சந்தேகப்பட்டுச் சொன்ன பிறகுதான் விஷயமே வெளியே வந்தது. படித்தவர்கள் நிறைந்த இடத்திலிருந்தே இப்படிக் கைமாறுமென்றால், கெட்ட எண்ணத்தோடு தேடுகிறவனுக்கு எவ்வளவு நேரமாகும்?

நம் பக்கம் பழைய வீடுகளைப் பிரித்து விற்கும் தொழில் பெரிது. தூண், கதவு, பாத்திரம், இரும்பு என்று எல்லாம் கைமாறுகிறது. ஆனால் மஞ்சள் பின்னணியில் மூன்று இதழ் கொண்ட கதிர்வீச்சு எச்சரிக்கைக் குறியைக் கடைக்காரர்களில் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? வாந்தியோடும் காரணம் தெரியாத தோல்புண்ணோடும் இரும்புக் கடைத் தொழிலாளி ஒருவர் வந்தால், அரசு மருத்துவமனையின் இளம் டாக்டருக்குக் கதிர்வீச்சு நினைவுக்கு வருமா? தீயணைப்பு நிலையத்தில் கதிர்வீச்சு அளவிடும் கருவி ஒன்றாவது வேண்டாமா? என்னைக் கேட்டால், தயார்நிலையை இங்கேதான் தொடங்க வேண்டும். மாவட்ட நிர்வாகம் பழைய இரும்பு வியாபாரிகளைக் கூப்பிட்டு ஒரு நாள் பயிற்சி கொடுக்கலாம். பெரிய செலவில்லை.

அப்புறம், உங்களுக்குத் தெரிந்த கடைக்காரர்களிடம் இதைச் சொல்லி வையுங்கள். அளவுக்கு மீறிக் கனக்கும் ஈயப் பெட்டியோ, அந்தக் குறி போட்ட உருளையோ வந்தால் வெட்ட வேண்டாம், திறக்க வேண்டாம். ஆட்களை விலக்கிவிட்டு 112க்கு அழைக்கட்டும்.