ராக்வூல் கட்டியில் லெட்யூஸ் நாற்று வெளுப்பது பற்றி

மண்ணில்லா வளர்ப்புக்கான ராக்வூல் (பாறையை உருக்கி இழையாக்கிய பஞ்சு) கட்டியில் வளரும் லெட்யூஸ் கீரை நாற்றில் புது இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது, கட்டியின் மேல் பாசி படிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வெளுப்பு, இரும்புச்சத்துக் குறையின் அடையாளம். அதற்காக இரும்பை மேலும் கலக்காதீர்கள். சத்துக் கரைசலில் இருப்பதையே வேரால் எடுக்க முடியவில்லை. புது ராக்வூல் காரத்தன்மை கொண்டது. வெறும் தண்ணீரில் நனைத்து விதைத்தால் வேரைச் சுற்றி பிஎச் (அமில-கார அளவு) 7-ஐத் தாண்டிவிடும். இரும்பைக் கரைந்த நிலையில் பிடித்து வைக்கும் சேர்மங்களில், ஈடிடிஏ வகை பிஎச் 6.5-க்கு மேலேயே பிடிப்பு இழக்கும். டிடிபிஏ வகை 7 வரை தாங்கும்.

பிஎச் 5.5, இசி (கரைந்த உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன்) 0.8 அளவில் சத்துக் கரைசல் கலந்து, கட்டியின் மேலிருந்து மெதுவாக ஊற்றுங்கள். வடியும் நீரின் பிஎச்சை அளந்து, 6-க்கு அருகே வரும்வரை தொடருங்கள். 5-க்குக் கீழே போக வேண்டாம், இழையே சிதையும். கட்டியைப் பிழியவே கூடாது! காற்றிடைவெளி நசுங்கினால் வேர் மூச்சுத்திணறும். குணம் தெரிவது அடுத்து வரும் இலைகளில்தான், பொறுங்கள்.

வெளிச்சம் படும் ஈரத்தில் பாசி வரும். மேற்பரப்பைக் கருப்பு பிளாஸ்டிக் தாளால் மூடி, தூக்கிப் பார்த்துக் கட்டி லேசான பிறகே மறுபடி நனையுங்கள்.

அடுத்த முறை விதைக்குமுன் பிஎச் 5.5 நீரில் ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். உலர்ந்த கட்டியை வெட்டும்போது முகக்கவசமும் கையுறையும் அவசியம்.