ஆர்ஒய் டாரி நிறமாலையில் அந்தப் பள்ளம்: கருவிக் கோளாறா, காற்றா?

வணக்கம் நண்பரே. ரிஷபத்தில் இருக்கும் இளம் நட்சத்திரமான ஆர்ஒய் டாரியின் நிறமாலையில், ஹைட்ரஜன் ஆல்ஃபா (ஹைட்ரஜனின் சிவப்பு ஒளிக்கோடு) உமிழ்வின் நீலப் பக்கத்தில் 6560.6 ஆங்ஸ்ட்ராமில் (அலைநீள அலகு) ஒரு பள்ளம், அடுத்த வாரம் அது மாறிவிட்டது, அளவீடு தவறா என்று கேட்டிருக்கிறீர்கள். தவறாக இருக்க வாய்ப்பு குறைவு. அந்தக் கோட்டின் இயல்பான இடமான 6562.8-லிருந்து 2.2 ஆங்ஸ்ட்ராம் விலகல் என்றால் நொடிக்குச் சுமார் 100 கி.மீ. இளம் நட்சத்திரக் காற்றுக்கு இயல்பான வேகம்தான். நட்சத்திரத்துக்கும் நமக்கும் நடுவே நம்மை நோக்கி வரும் வாயு ஒளியை உறிஞ்சுவதால் பள்ளம் நீலப் பக்கம் விழுகிறது. காற்றின் அடர்த்தி நாளுக்கு நாள் மாறும், பள்ளமும் மாறும்.

ஆனாலும் சரிபார்த்துவிடுங்கள். முதலில் அலைநீளத்துக்கு அளவுகோலாக வைக்கும் நியான் விளக்கின் 6532.88, 6598.95 கோடுகள் இரண்டு இரவிலும் அதே இடத்தில் இருக்கின்றனவா பாருங்கள். அடுத்தது நீராவி. இந்தப் பகுதியில் நம் வளிமண்டலக் கோடுகள் நிறைய உண்டு; ஈரப்பதமான இரவில் அவை பள்ளம் போலவே ஏமாற்றும். வானில் அதே உயரத்தில் இருக்கும்போது ரிஷபத்தின் பிரகாசமான நட்சத்திரமான எல்நாத்தின் நிறமாலையையும் எடுத்து ஒப்பிடுங்கள். அதில் தெரியும் கூர்மையான கோடுகள் நம்முடையவை.

பூமியின் வேகத்தைக் கழிக்க மறக்காதீர்கள். ரிஷபம் சூரிய வீதியை ஒட்டியிருப்பதால் ஆகஸ்டு இறுதிக்கும் பிப்ரவரி இறுதிக்கும் இடையே நொடிக்குக் கிட்டத்தட்ட 60 கி.மீ., அதாவது 1.3 ஆங்ஸ்ட்ராம் வித்தியாசம் வரும். ஒரு வாரத்தில் அது மிகச் சிறிது.

6300 ஆங்ஸ்ட்ராம் ஆக்சிஜன் கோட்டையும் அளக்கப்போகிறீர்கள் என்றால், இரவு வானமே அங்கு ஒளிரும். கருவியில் ஒளி நுழையும் பிளவில் நட்சத்திரத்தின் இருபுறமும் உள்ள வானத்தை எடுத்துக் கழித்த பிறகே அதை நம்புங்கள்.