எல்லாருக்கும் வெள்ளை டோப்பாவா?

கேள்வி: எங்கள் கல்லூரி நாடகம் 1780-இல் லண்டனில் நடக்கிறது. நடிகர்கள் 12 பேர். பக்கவாட்டில் சுருள் சுருளாக, பின்னால் இரண்டு வால் தொங்கும் வெள்ளை விக்கை ஆண், பெண் எல்லாருக்கும் எடுக்கச் சொல்கிறார் வாடகைக் கடைக்காரர். எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். முன்பணம் கொடுத்திருந்தால் இன்றே திரும்பக் கேளுங்கள். அவர் காட்டுவது வக்கீல் டோப்பா. பவுடர் தேவைப்படாத அந்த வெள்ளைக் குதிரைமுடி விக்குக்கு ஹம்ஃப்ரி ரேவன்ஸ்கிராஃப்ட் காப்புரிமை வாங்கியதே 1822-இல்தான். கடையில் தூங்கும் சரக்கை உங்கள் தலையில் கட்டப் பார்க்கிறார், அவ்வளவுதான்.

பெண்கள் அன்று பொதுவாக முழு விக் வைக்கவில்லை. கம்பளியோ குதிரைமுடியோ அடைத்த திண்டை உச்சியில் வைத்து, சொந்த முடியை அதன்மேல் வாரி ஏற்றி, போதாத இடத்தில் பொய்முடி செருகி, கொழுப்புக் களிம்பு தடவிப் பொடி தூவினார்கள். சவுரி வைத்துக் கல்யாணப் பெண்ணுக்கு அலங்காரம் செய்யும் அக்கா யாரிடமாவது படத்தைக் காட்டுங்கள், செய்துவிடுவார்.

இளைஞர்கள் 1780-க்கு முன்பே விக்கைக் கழற்றத் தொடங்கியிருந்தார்கள். 1765-இல் லண்டன் விக் தொழிலாளர்கள், பிழைப்பு போகிறதென்று மூன்றாம் ஜார்ஜ் மன்னரிடம் மனுவோடு ஊர்வலம் போனார்கள். போனவர்களில் பலர் தலையிலேயே விக் இல்லை! பார்த்துக் கடுப்பான தெருக் கூட்டம் அவர்கள் முடியை வெட்டிவிட்டது. ஆகவே உங்கள் பையன்களுக்குப் பின்னால் கறுப்பு ரிப்பன் கட்டிய சவுரி வால் போதும். அந்தக் காலத்துப் பொடி ஸ்டார்ச். நீங்கள் கார்ன்ஃபிளார் தூவுங்கள். மெழுகுவர்த்திப் பக்கம் உதறாதீர்கள்.

விதிவிலக்கு உண்டு. நீதிபதி, பிஷப், மருத்துவர் ஆகியோர் மற்றவர்கள் விட்டபிறகும் விக்கை விடவில்லை. பிஷப்புகள் விட்டது 1830 வாக்கில். மருத்துவர் என்றால் வயதான மருத்துவர். கதையில் அவருக்கு 25 வயது என்றால் இது சேராது. அவருடைய உதவியாளருக்கும் சேராது. வக்கீலுக்குக் கோர்ட்டில் விக் உண்டு, ஆனால் பொடி தூவிய சாதாரண விக். மேலே சொன்ன 1822 சரக்கு அல்ல.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும், வெள்ளை விக் இல்லையே என்று மார்க்கை வெட்டும் போட்டி நடுவர்களைப் பார்த்திருக்கிறேன். நிர்வாகம் மூன்று கொட்டேஷன் கேட்கும். மூன்றையும் அதே கடைக்காரரே எழுதிக் கொடுப்பார். இந்த லட்சணத்தில் எங்கே போய்ச் சொல்வது?

உங்கள் நாடகத்தில் நீதிபதி இருந்தால் அவருக்கு ஒரு விக் எடுத்தே ஆகவேண்டும். 'ஒரிஜினல் மனித முடி' என்று கடைக்காரர் இரட்டை வாடகை கேட்டால், அவர் எதிரிலேயே உதிர்ந்த ஓர் இழையைக் கொளுத்துங்கள். முடியென்றால் கருகல் நாற்றம் அடித்துப் பொடியாகும். உருகி மணியாகத் திரண்டால் நைலான் ரகம். அதற்குரிய வாடகையை மட்டும் கொடுங்கள்.