ஈத்தேனில் ஒற்றைக் கோடு, ஈத்தீனில் மட்டும் ஏன் இரட்டைக் கோடு?

மூலக்கூறு வரைபடங்களைப் பார்த்து, படிவம் 5 படிக்கும் தம்பி கேட்ட கேள்வி இது. ஈத்தீன் என்பது வேறொன்றுமில்லை, கோலாலம்பூர் சௌக்கிட் சந்தையில் தொங்கும் வாழைத்தாரைப் பழுக்கவைக்கும் அதே வாயுதான்.

முதலில் வெளிக்கூட்டு எலக்ட்ரான்களை எண்ணுங்கள். கார்பனுக்கு 4, ஹைட்ரஜனுக்கு 1. ஈத்தீனில் 2 கார்பன், 4 ஹைட்ரஜன். மொத்தம் 12, அதாவது 6 ஜோடி. ஒரு கோடு என்றால் இரு அணுக்கள் பகிரும் ஒரு ஜோடி; ஒவ்வொரு கார்பனைச் சுற்றியும் 8 எலக்ட்ரான் வரவேண்டும். கார்பன்களுக்கு நடுவே ஒரு கோடு, ஹைட்ரஜன்களுக்கு நான்கு கோடு. 5 ஜோடி போய்விட்டது, மிச்சம் ஒன்று. அதை ஒரு கார்பனின் தலையில் புள்ளிகளாக வைத்தால் அதற்கு 8 ஆகிவிடும்; பக்கத்துக் கார்பனோ 6-இலேயே நிற்கும். நடுவில் வைத்தால் இரண்டுக்கும் 8. அதுதான் இரண்டாவது கோடு. ஈத்தேனில் 2 கார்பன், 6 ஹைட்ரஜன்; 14 எலக்ட்ரான், ஏழு கோட்டிலேயே தீர்ந்துவிடும்.

அப்புறம், என் டியூஷன் பிள்ளைகள் சறுக்குவது ஹைட்ரஜனில்தான். அதற்கு ஒரு கோட்டுக்கு மேல் தாங்காது.