மரக்கதவு: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

கதவு மாட்டுவது, பூச்சு பூசுவது, பராமரிப்பது பற்றி என்ன வேண்டுமானாலும் கேட்கலாம். விலையும் கம்பெனி பெயரும் மட்டும் வேண்டாம். கதவு வீட்டுக்கு உள்ளே இருப்பதா வெளியே இருப்பதா, முழு மரமா ப்ளஷ் கதவா (உள்ளே மரச்சட்டம், மேலே இரண்டு பக்கமும் தட்டையான தகடு ஒட்டியது) என்று சேர்த்துச் சொன்னால் பதில் சரியாக வரும்.

கேள்வி: மழை தொடங்கியதும் படுக்கையறைக் கதவு இறுகிவிட்டது. முழு மரம். இழைத்துவிடலாமா?

இப்போது இழைக்காதீர்கள். முதலில் எங்கே உரசுகிறது என்று பாருங்கள். பூட்டுப் பக்கத்து மேல் மூலை மட்டும் உரசினால் அது மழையின் வேலை இல்லை, மேல் கீல் தளர்ந்து கதவு தொங்குகிறது. கீலில் உள்ள ஸ்க்ரூக்களை முறுக்கிப் பாருங்கள். பிடிக்காமல் சுற்றினால் ஸ்க்ரூவைக் கழற்றி, ஓட்டையில் மரப்பசை தடவிய மரக்குச்சியை இறுக்கி அடித்து, காய்ந்ததும் சிறு துளை போட்டு மறுபடி முடுக்குங்கள். பாதிப் பேருக்கு இதிலேயே கதவு சரியாகிவிடும்.

பூட்டுப் பக்கம் மேலிருந்து கீழ்வரை உரசினால்தான் மரம் உப்பியிருக்கிறது. மரம் நீளவாக்கில் அநேகமாக மாறாது, அகலவாக்கில்தான் மாறும். தேக்கில் ஈரம் 1% கூடினால் அகலம் சுமார் 0.2% கூடும். ஈரம் 4% ஏறினால், 900 மி.மீ. அகலத்துக்குப் பலகைகளை ஒட்டிச் செய்த கதவு 7 மி.மீ. வரை விரியும். சட்டமும் பலகையுமாகச் செய்த கதவில் இரண்டு நெடுஞ்சட்டங்கள் (இரு பக்கமும் மேலிருந்து கீழ்வரை போகும் சட்டங்கள்) மட்டும்தான் கணக்கு. தலா 120 மி.மீ. என்றால் மொத்தம் 2 மி.மீ. கூட வராது. நடுப்பலகை பள்ளத்துக்குள் பசை இல்லாமல் சும்மா நிற்பதால் அது விரிந்தாலும் கதவின் அகலம் மாறாது. சட்டக் கதவு என்ற அமைப்பே இதற்காக வந்ததுதான்.

மழையில் இழைத்தால் வெயில் காலத்தில் இடுக்கு பெரிதாகத் தெரியும். மரம் வற்றும்வரை பொறுங்கள். அதற்குப் பிறகும் உரசினால் மட்டும் 1 மி.மீ. எடுத்துவிட்டு, இழைத்த விளிம்புக்கு அன்றைக்கே பூச்சு கொடுங்கள். கதவு உப்பியதற்குக் காரணமே பெரும்பாலும் பூச்சு இல்லாத ஏதோ ஒரு விளிம்புதான்.

கேள்வி: ஹால் கதவுக்கு எந்த நிறம் நன்றாக இருக்கும்?

அது உங்கள் கண்ணுக்குப் பிடித்தது. வெயில் படும் கதவாக இருந்தால் மட்டும் அடர் நிறம் வேண்டாம். சூடேறி மரம் வெடிக்கும்.

கேள்வி: புதுக் கதவு வந்து இறங்கியிருக்கிறது. மாட்டும்போது நான் கூட நின்று எதைக் கவனிக்க வேண்டும்?

கதவுக்கு முன்னால் நிலையைக் கவனியுங்கள். இரண்டு மூலைவிட்டங்களையும் டேப்பில் அளந்தால் ஒரே அளவு வர வேண்டும். நிலைக்கால்கள் செங்குத்தாக நிற்கின்றனவா என்று தூக்குக்குண்டு போட்டு, முன்பக்கமும் பக்கவாட்டிலும் இரண்டு திசையிலும் பாருங்கள். ஒரு திசை மட்டும் பார்த்துவிட்டு விட்டால், கதவு தானாகத் திறந்துகொள்ளும், அல்லது மூடினால் ஒரு மூலை நிலையில் படியாது. அப்போது குற்றம் கதவின் மேல் விழும்.

கதவை அறைக்குள் சில நாள் படுக்கவைத்து, அடியில் சமமாகக் கட்டைகள் கொடுத்துக் காற்றோட்டமாக விடுங்கள். சுவரில் சாய்த்து வைத்தால் வளையும். சுவர் பூச்சு ஈரமாக இருக்கும் வீட்டில் மாட்டவே கூடாது.

இடுக்கு பக்கங்களிலும் மேலேயும் 2 முதல் 3 மி.மீ., அடியில் தரையைப் பொறுத்து 6 முதல் 10 மி.மீ. கனமான கதவுக்கு மூன்று கீல். பாரம் முழுக்க மேல் கீலில் இழுப்பதால் அங்கே ஸ்க்ரூவின் நீளத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். பித்தளை ஸ்க்ரூ என்றால் முதலில் துளை போட்டு, அதே அளவு இரும்பு ஸ்க்ரூவை ஒருமுறை முடுக்கிக் கழற்றிவிட்டுப் பித்தளையை மெழுகு தடவிப் போடச் சொல்லுங்கள். நேராக முடுக்கினால் தலை முறிந்து உள்ளேயே நின்றுவிடும்.

கடைசியாக, கதவைத் தொங்கவிடுவதற்கு முன் அடி விளிம்புக்குப் பூச்சு பூசியாயிற்றா என்று குனிந்து பாருங்கள். மாட்டிய பிறகு அங்கே பிரஷ் போகாது.

கேள்வி: மழையில் கதவு மூட முடியவில்லை. இழைக்கலாமா?

முதல் கேள்விக்கான பதிலைப் பாருங்கள்.

கேள்வி: வாசல் கதவு தேக்கு. நிறமில்லாத வார்னிஷ் அடித்தோம். ஒரே வருடத்தில் பொரிந்து உரிகிறது. மட்டமான சரக்கா?

சரக்கு நல்லதாக இருந்தாலும் இது நடக்கும். நிறமில்லாத படலம் வெயிலை உள்ளே விடுகிறது. புற ஊதாக் கதிர் மரத்தின் மேற்பரப்பில் இழைகளைப் பிணைத்து வைத்திருக்கும் லிக்னினைச் சிதைக்கிறது. பிடிமானம் போனதும் மேலே உள்ள படலம் அப்படியே உரிகிறது. தேக்கில் இயற்கையாக எண்ணெய் உண்டு, அதுவும் ஒட்ட விடாது. பூசுவதற்குச் சற்று முன்பு தின்னர் நனைத்த துணியால் துடைத்திருக்க வேண்டும்.

இப்போது தளர்ந்ததையெல்லாம் சுரண்டி எடுங்கள். சாம்பல் நிறமான மரம் போகும்வரை 120, பிறகு 180 எண் உப்புத்தாளால் ரேகை போகும் திசையிலேயே தேயுங்கள். வெளிப்புறத்துக்கென்று புற ஊதாத் தடுப்புச் சேர்த்த வார்னிஷ் மூன்று நான்கு கோட், அல்லது மர ரேகை தெரியும்படி நிறம் சேர்த்த பூச்சு. எல்லாவற்றிலும் அதிக நாள் உழைப்பது பெயின்ட்தான், அதில் உள்ள நிறமி வெயிலைத் தடுத்துவிடும். எதுவானாலும் ஆறு பக்கமும் பூச வேண்டும்: முன், பின், இரண்டு பக்கம், மேல், கீழ். பூட்டுக்கும் கீலுக்கும் வெட்டிய குழியும் சேர்த்தி.

இடையில் ஒருவர்: ஆறு பக்கமும் அடைத்தால் மரம் எப்படி மூச்சு விடும்? எங்கள் தாத்தா காலத்துக் கதவுக்கு அடியில் ஒரு பூச்சும் கிடையாது. இன்னும் கல் மாதிரி நிற்கிறது.

ஐயா, வெட்டிய மரம் மூச்சு விடாது. காற்றில் உள்ள ஈரத்தை வாங்கும், திருப்பிக் கொடுக்கும், அவ்வளவுதான். எந்தப் பூச்சும் அதை முழுதாக நிறுத்துவதில்லை, வேகத்தைக் குறைக்கிறது. ஒரு பக்கம் பூசி மறுபக்கம் விட்டால் இரண்டு பக்கமும் வேறு வேறு வேகத்தில் ஈரம் ஏறும், கதவு வளையும். தாத்தா காலத்துக் கதவு பெரும்பாலும் நன்றாக உலர்ந்த வைர மரம் (நடுவில் உள்ள கெட்டிப் பகுதி), கனம் அதிகம், மேலே கூரை இறங்கியிருக்கும், கீழே உயரமான படி. அதோடு, அதே காலத்தில் அடி இற்றுப்போன கதவுகளை நாம் இன்று பார்ப்பதில்லை. நின்றதை மட்டும்தான் பார்க்கிறோம்.

அவரே: உள்ளே ஈரம் மாட்டிக்கொண்டு உளுத்துப்போனால்?

இதில் நியாயம் இருக்கிறது. ஈர மரத்தைப் பூசி மூடினால் கெடுதிதான். காளான் பிடிக்க மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் வேண்டும். அதனால்தான் 12% அளவுக்கு உலர்ந்த பிறகு பூசச் சொல்கிறேன். வெடிப்பு விட்ட பழைய படலமும் ஆபத்து, தண்ணீர் உள்ளே இறங்கும், வெளியே வர வழியிருக்காது. அதற்கு மருந்து வெடிப்பைச் சரிசெய்வது. அடி விளிம்பைத் திறந்துவிடுவது இல்லை.

இன்னொருவர்: நான் பெரியவர் பக்கம். ஆளி விதை எண்ணெய் மட்டும் போதும், மரத்துக்கு இதமானது.

அழகுக்குப் போதும், தடவுவதும் எளிது. ஆனால் காற்றின் ஈரத்தை அந்த எண்ணெய் அநேகமாகத் தடுக்காது. சந்தேகமிருந்தால் ஒரே பலகையில் இரண்டு துண்டு வெட்டுங்கள். ஒன்றின் வெட்டுமுகத்துக்கு (ரேகைக்குக் குறுக்கே வெட்டிய முனை) மூன்று கோட் வார்னிஷ் கொடுத்துக் காயவிடுங்கள், மற்றதற்கு எண்ணெய். இரண்டையும் வெட்டுமுகம் கீழே இருக்கும்படி தட்டில் தண்ணீர் ஊற்றி இரவு முழுக்க நிறுத்துங்கள். காலையில் ஈரம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பாருங்கள். வெட்டுமுகம் மற்றப் பரப்பைவிடப் பல மடங்கு வேகமாகத் தண்ணீர் குடிக்கும். நெடுஞ்சட்டங்களின் வெட்டுமுகம் கதவின் மேலும் அடியிலும்தான் வருகிறது.

எண்ணெய் பூசுபவர்கள் எல்லோருக்கும்: துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். ஆளி விதை எண்ணெய் காயும்போது சூடு பிறக்கும், சுருட்டிய துணியில் அந்தச் சூடு வெளியேறாமல் தானாகவே தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயவையுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள்.

கேள்வி: நிலையில் குண்டூசித் துளைகள், கீழே மாவு போலத் தூள். கரையானா?

இல்லை, மரத்தைத் துளைக்கும் வண்டு. மரத்தின் வெளிப்புறத்தில் உள்ள, மாவுச்சத்துள்ள வெள்ளைப் பகுதியைத்தான் தின்னும். கரையான் என்றால் பெரும்பாலும் மண் தடம் தெரியும். தூளைத் துடைத்துவிட்டுச் சில நாள் பாருங்கள். புதிதாகக் கொட்டினால் மருந்தடிப்பவரைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: ப்ளஷ் கதவை அடியில் 30 மி.மீ. வெட்டலாமா?

வேண்டாம். விளிம்பில் உள்ள மரச்சட்டம் போய்விட்டால் உள்ளே பிடிக்க எதுவும் இல்லை. சரியான அளவில் வேறு கதவு வாங்குங்கள்.

கேள்வி: கதவு கிரீச்சிடுகிறது.

கீல் ஊசியைக் கழற்றித் துடைத்துக் கிரீஸ் தடவுங்கள். சமையல் எண்ணெய் பிசினாகும்.

கேள்வி: மழையில் கதவு இறுகுகிறது...

முதல் பதில். தயவுசெய்து கேட்பதற்கு முன் மேலே படியுங்கள்.

கேள்வி: கைரேகைப் பூட்டு எது நல்லது?

அது என் துறை இல்லை. குழி வெட்டியதும் உள்ளே பூச்சு கொடுங்கள், அதை மட்டும் சொல்வேன்.

கேள்வி: ரொம்பப் பழைய பெயின்ட் கதவு. மெஷின் போட்டுத் தேய்த்து எடுத்துவிடலாமா? வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது.

தேய்க்காதீர்கள். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். உலர்த் தூசியாகப் பறந்தால் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். ஈயம் இருக்கிறதா என்று முதலில் சோதித்துப் பாருங்கள். இருந்தால் கதவைக் கழற்றி வெளியே கொண்டுபோய், பெயின்ட் நீக்கும் திரவம் பூசி, ஈரமாக இருக்கும்போதே சுரண்டுங்கள். கீழே பிளாஸ்டிக் தாள் விரித்து, சுரண்டியதை அதோடு மடித்துக் கட்டுங்கள். முகமூடி அணியுங்கள், உடுத்திய துணியைத் தனியாகத் துவையுங்கள். வேலை முடியும்வரை குழந்தை அந்தப் பக்கம் வரவே வேண்டாம்.