அப்பாவுக்கு ப்ராஸ்டேட் கேன்சர், ரோபோட் ஆப்பரேஷன் செய்யலாம்னு சொல்றாங்க. வீட்டுக்கு வந்தப்புறம் எப்படி இருக்கும்?

எங்க அப்பாவுக்கும் இதே ஆப்பரேஷன் பண்ணி ஒரு வருஷம் ஆச்சுங்க. நாங்க மலேசியாவுல பேராக், சுங்கை சிப்புட், அப்பா ரிட்டையர் ஆகுற வரைக்கும் தோட்டத்துல பால்மரம் வெட்டுனவரு, ஆப்பரேஷனுக்கு கோலாலம்பூர் (கேஎல்) போனோம்.

ரோபோட்டுன்னதும் அம்மா பயந்துட்டாங்க, மெஷினே வெட்டுமான்னு. அப்படி இல்ல. டாக்டர் அதே ரூம்ல கொஞ்சம் தள்ளி ஒரு கன்சோல்ல உட்கார்ந்து உள்ள பெருசாக்கி பார்த்துக்கிட்டே செய்வாரு, அவர் கை அசைஞ்சாதான் மெஷின் கை அசையும். டாவின்சின்னு சொல்ற அந்த மெஷினுக்கு அமெரிக்காவுல 2000லயே அனுமதி கெடச்சாச்சு. வயித்துல சின்னச் சின்னதா ஆறு ஓட்டை போட்டு, கேஸ் ஏத்தி, மூத்திரப்பைக்கு கீழ இருக்குற ப்ராஸ்டேட் சுரப்பிய எடுத்துட்டு மூத்திரப்பையையும் மூத்திரக் குழாயையும் சேர்த்து தைக்கிறாங்க. அந்தத் தையல் ஆறத்தான் மூத்திரம் பைக்கு போற மாதிரி ட்யூப் போடுறது.

மறுநாளே எந்திரிச்சு நடந்தாரு. வயித்த விட தோள்பட்டைதான் வலிக்குதுன்னாரு, அது உள்ள மிச்சம் இருக்குற கேஸாம், ரெண்டு மூனு நாள்ல போயிடுச்சு.

ட்யூப் பத்து நாள் இருந்துச்சு. யூரின் பை எப்பவும் இடுப்புக்கு கீழ தொங்கணும், நாங்க கட்டில் பக்கத்துல ஒரு வாளியில வச்சிட்டோம். நெறைய நடந்தா லேசா செவப்பா வரும், தண்ணி குடிச்சா தெளியும். ஆனா கட்டி கட்டியா ரத்தம் வந்தாலோ, பையில யூரினே எறங்காம இருந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, கெண்டைக்கால் வீங்குனாலோ உடனே ஆஸ்பத்திரி போயிடுங்க. மலச்சிக்கல் வராம பார்த்துக்கணும், முக்கக்கூடாது. ஆறு வாரத்துக்கு கேஸ் தோங் (சிலிண்டர்), அரிசி மூட்டைனு எதையும் தூக்க விடாதீங்க.

எங்களுக்கு கஷ்டமே ட்யூப் எடுத்த அன்னிக்குதான். எடுத்துட்டு கேஎல்லருந்து திரும்புறோம், ஹைவேல தாப்பா ஓய்விடத்துல (ஆர்&ஆர்) சாப்பிடலாம்னு காரை நிப்பாட்டுனா அப்பா எறங்க மாட்டேங்குறாரு, பசிக்கலப்பான்னு கதவையே பிடிச்சிக்கிட்டு உட்கார்ந்திருக்காரு, அப்புறம்தான் பார்த்தேன் சிலுவார் (கால்சட்டை), சீட்டு எல்லாம் நனைஞ்சிருந்துச்சு. எழுபது வயசு மனுஷன், என் முகத்தையே பார்க்கல. இப்படி ஆகும்னு முன்னாடியே யாராவது எங்களுக்கு வெளக்கமா சொல்லியிருக்கணும். பெரும்பாலானவங்களுக்கு கொஞ்ச நாள் ஒழுகத்தான் செய்யும், அது ஆப்பரேஷன் தப்பாப் போனதுனால இல்ல. அன்னிக்கு பெம்பர்ஸும் ஒரு மாத்துத் துணியும் கண்டிப்பா கொண்டு போங்க.

கெகல் பயிற்சிய ஆப்பரேஷனுக்கு முன்னாடியே பழக்கிடுங்க. யூரின அடக்குற மாதிரி அந்தத் தசைய இறுக்கி அஞ்சு செகண்ட் பிடிச்சு விடணும், ஒரு தடவைக்கு பத்து, ஒரு நாளைக்கு மூனு தடவை. ட்யூப் இருக்குறப்ப மட்டும் செய்யக்கூடாது. அப்பாவுக்கு மூனாவது மாசம் ஒரு நாளைக்கு ஒரு பேட்ல நின்னுச்சு, இப்ப இருமுனா மட்டும் ரெண்டு சொட்டு. சிலருக்கு வருஷம் கூட ஆகும். ஆறு வாரம் கழிச்சு பிஎஸ்ஏ (ப்ராஸ்டேட்ல சுரக்குற ஒரு புரதம்) ரத்தப் பரிசோதனை இருக்கு, ப்ராஸ்டேட்ட முழுசா எடுத்துட்டதால அது கிட்டத்தட்ட ஒன்னுமில்லாத அளவுக்கு எறங்கணும், அத விட்டுடாதீங்க.

இன்னொன்னு. தாம்பத்திய விஷயத்துலயும் இது பாதிக்கும், நரம்ப காப்பாத்தி ஆப்பரேஷன் பண்ணாலும் விறைப்பு திரும்ப வர ரெண்டு வருஷம் வரைக்கும் ஆகலாம், சிலருக்கு முழுசா வராமலும் போகலாம். நம்ம அப்பாங்க புள்ளைங்க முன்னாடி இதெல்லாம் வாயத் தொறந்து கேட்க மாட்டாங்க. ஆப்பரேஷன் தேதி குறிக்கிறதுக்கு முன்னாடி நீங்க வெளிய வந்துட்டு அவர மட்டும் டாக்டர்கிட்ட ஒரு பத்து நிமிஷம் பேச விடுங்க.